நரம்பணு வலையமைப்பு வீடு: ஒரு திறனாய்வு

நரம்பணு வலையமைப்பு வீடு என்பது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியர் மைக்கேல் மோசர் 1990களில் போல்டர் பகுதியில் உருவாக்கிய ஆய்வு வீடாகும். விளக்கு, அறை வெப்பம், சுடுநீர் ஆகியவற்றை, யாரும் நிரல் எழுதித் தராமல், வீடே குடியிருப்பவரைக் கவனித்துக் கற்று நிர்வகிக்க வேண்டும் என்பது இதன் நோக்கம். இதற்காக வெப்பம், ஒளி, ஒலி, அசைவு, கதவு, சன்னல் நிலை முதலியவற்றை அறிய 75 அளவிலான உணரிகள் பொருத்தப்பட்டன. மோசரே அவ்வீட்டில் வசித்தார்.

செயல்முறை

அமைப்பு இரண்டு செலவுகளைக் குறைக்க முயல்கிறது. ஒன்று ஆற்றல் செலவு. மற்றொன்று குடியிருப்பவரின் வசதிக்குறைவு. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் ஒரே அலகு தேவை. எனவே வசதிக்குறைவும் டாலரில் கணக்கிடப்பட்டது. வெப்பமூட்டியைப் பொறுத்தவரை, குளிரால் ஒருவரின் வேலைத்திறன் எவ்வளவு குறையும் என்ற அனுமானம் இதற்கு அடிப்படையானது. நரம்பணு வலையமைப்பு பழைய பழக்கங்களைக் கொண்டு, ஆள் எப்போது வீட்டில் இருப்பார் என்று முன்கணித்தது. விளக்குகளுக்கு, அடுத்த 2 நொடிகளில் எந்தப் பகுதிக்கு ஆள் வருவார் என்பதும் கணிக்கப்பட்டது.

இதன் சிறப்பு தெளிவானது. "மின்சாரத்தைச் சேமியுங்கள்" என்னும் பொதுவான அறிவுரை, எவ்வளவு சிரமத்துக்கு எவ்வளவு சேமிப்பு என்று சொல்வதில்லை. மோசரின் அமைப்பு அந்தப் பேரத்தைக் கணக்காக்கி வெளிப்படையாக வைத்தது. பின்வந்த பல ஆய்வுகள் இதே இரு செலவுகளின் சமநிலையையே தேடின.

குறைபாடு

சிக்கல், வசதிக்குறைவு அளக்கப்படும் முறையில் உள்ளது. குடியிருப்பவர் பொத்தானை அழுத்தி அமைப்பின் முடிவை மாற்றினால் அது அதிருப்தி எனப் பதிவாகும். மாற்றாவிட்டால் திருப்தி எனக் கொள்ளப்படும். விளக்கொளியை அவ்வப்போது சற்றே குறைத்துப் பார்த்து, எதிர்ப்பு வராவிட்டால் அதையே தொடரவும் அமைப்பு முயலும். ஆனால் மௌனத்துக்குக் காரணங்கள் பல. எழுந்து செல்ல இயலாத முதியவர், எந்தப் பொத்தான் என்று அறியாத விருந்தினர், மின்கட்டணத்துக்கு அஞ்சிக் குளிரைப் பொறுத்துக்கொள்பவர் ஆகிய எல்லோருமே இக்கணக்கில் திருப்தியானவர்கள்தாம். பலர் வாழும் வீட்டில், பொத்தானருகே நிற்பவரின் விருப்பமே வீட்டின் விருப்பமாகிவிடும்.

மோசரின் வீட்டில் இக்குறை பெரிதாகத் தோன்ற வாய்ப்பு குறைவு. அங்கு குடியிருந்தவரே அமைப்பை வடிவமைத்தவர். அது ஏன் அவ்வாறு நடக்கிறது என்பதை அறிந்தவர். வேறொருவர் வீட்டில் அந்த அறிவு இருக்காது.

வணிக வடிவில்

2011இல் நெஸ்ட் நிறுவனம் வெளியிட்ட கற்கும் தெர்மோஸ்டாட், இதே கருத்தைச் சுவரில் மாட்டும் கருவியாக்கியது. அதற்கான தேவை உண்மையானது. பயனர் தாமே நேரம் அமைக்கும் தெர்மோஸ்டாட்டுகளுக்கு வழங்கிய அங்கீகாரத்தை அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம் 2009 இறுதியில் நிறுத்தியிருந்தது. அவற்றால் கிடைக்கும் சேமிப்பு உறுதிப்படவில்லை. நெஸ்ட் 2015இல் வெளியிட்ட அறிக்கை, வெப்பமூட்டலில் சராசரியாக 10 முதல் 12 விழுக்காடும், குளிரூட்டலில் ஏறத்தாழ 15 விழுக்காடும் மிச்சமாவதாகக் கூறியது.

எனினும் 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரேயூங் யாங், மார்க் நியூமன் ஆகியோர் பயனர்களிடம் நடத்திய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கருவி எதைக் கற்றது, ஏன் இப்படி முடிவெடுத்தது என்பது பலருக்கு விளங்கவில்லை. காலப்போக்கில் அதன்மீதான ஈடுபாடும் குறைந்தது. விளங்காததால் கைவிட்டவரின் மௌனத்தையும் கருவி ஒப்புதலாகவே படிக்கும். சராசரிச் சேமிப்பு எண்ணிலிருந்து, அந்தச் சேமிப்புக்காக வீட்டில் யார் சிரமப்பட்டார் என்பதை அறிய முடியாது.

மதிப்பீடு

தானே கற்கும் வீடு தோற்றுப்போன கருத்து அன்று. ஆற்றலையும் வசதியையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்ற மோசரின் அடிப்படை இன்றும் வலுவானது. ஆனால் ஒரு டிகிரி குளிருக்கு என்ன விலை என்பதை முடிவு செய்யும் உரிமை வடிவமைப்பவருக்கு மட்டும் உரியதல்ல. அந்த விலையைக் குடியிருப்பவர்கள் கண்டு மாற்றவும், முடிவின் காரணத்தைக் கேட்டறியவும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே மறுப்புத் தெரிவிக்கவும் வழி வேண்டும். இவை இல்லாத அமைப்பு மின்கட்டணத்தைக் குறைக்கலாம்; குடும்பத்தின் தேவையை அறிந்துகொண்டதாக அது சொல்லிக்கொள்ள இயலாது.