பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலைக்கு எடைமேடை மென்பொருள் செய்து கொடுத்தோம். பைத்தானில் எழுதியது, லினக்ஸில் ஓடுவது. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு சின்னக் கோப்பு. டெஸ்ட்களைத் தனித்தனியா ஓட்டினா எல்லாம் பாஸ். மொத்தமா ஓட்டினா இன்னைக்கு ஒண்ணு விழும், நாளைக்கு வேறொண்ணு. பிழை மட்டும் ஒன்றுதான்: எண் 24, "திறந்திருக்கும் கோப்புகள் மிக அதிகம்".

நாங்கள் செய்தது என்ன? விழுந்த டெஸ்டைத் தானாகவே மூன்று முறை திரும்ப ஓட்டச் சொன்னோம். பச்சை விளக்கு வந்தது. இந்தப் பழக்கம்தான் தப்பு என்கிறேன்.

லினக்ஸில் ஒரு புராசஸ் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளுக்கு வரம்பு உண்டு, பெரும்பாலும் 1024. மூட மறந்த கோப்பைப் பைத்தான் பொதுவாக உடனே மூடிவிடும். ஆனால் இரண்டு ஆப்ஜெக்ட்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால், கார்பேஜ் கலெக்டர் வரும்வரை அது திறந்தேதான் கிடக்கும். அது எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆக, 1024-ஐத் தொடும்போது எந்த டெஸ்ட் நிற்கிறதோ அது விழும். கசியவிட்டது வேறொன்று.

பைத்தான் மீதும் எனக்குக் குறை உண்டு. இதைச் சொல்லும் 'ரிசோர்ஸ் வார்னிங்' 3.2 பதிப்பிலேயே (2011) வந்துவிட்டது. ஆனால் இயல்பாக மறைத்து வைத்திருக்கிறார்கள். பயனருக்கு அது தொல்லை என்பது நியாயம்தான். அதைப் பிழையாக மாற்றினாலும், அழிப்பானுக்குள் எழும் பிழை என்பதால் திரையில் ஒரு வரி வரும், டெஸ்ட் பாஸ் ஆகிவிடும்! பைடெஸ்ட் 6.2 (2020) முதல் அதையும் எச்சரிக்கையாகப் பிடிக்கிறது. இரண்டையும் பிழையாக மாற்றினால்தான் மாட்டும். டிரேஸ்மேலாக்கை இயக்கினால், கோப்பைத் திறந்த வரியையே காட்டும் (3.6 முதல்).

எங்களுக்கு அது காட்டியது ஒரே வரி. 'வித்' போட்டதும் தீர்ந்தது. கூடவே ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னும் பின்னும் திறந்த கோப்புகளை எண்ணிப் பார்க்க ஒரு காவலும் வைத்தோம்.

இதையெல்லாம் செய்தது, ஆலையில் ஒரு ராத்திரி எடைமேடை நின்று, லாரி வரிசை கேட்டைத் தாண்டிப் போன பிறகு. அங்கே ஓடியதும் அதே வரிதான். அங்கே மூன்று முறை திரும்ப ஓட்ட ஆளில்லை. டெஸ்ட் முன்னாடியே சொன்னது. நாங்கதான் வாயை அடைச்சோம்.