விசித்திரப் படைகள்: ஈயத்தில் வார்க்கப்பட்ட காலனியம்

ஐரோப்பாவில் நாம் கண்டும் காணாமலும் கடந்துபோகும் பொழுதுபோக்குகளில் ஒன்று மேசைப் போர் விளையாட்டு. ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடிய உயரமுள்ள உலோகப் போர்வீரர்களை வாங்கி, மெல்லிய தூரிகையால் நிறந்தீட்டி, மணல் ஒட்டிய மேசையில் அணிவகுத்து, பகடை உருட்டிப் பழைய யுத்தங்களை மீள நடத்துவார்கள். பெரும்பாலும் நடுத்தர வயது ஆண்கள். 'சிறுபிள்ளைத்தனமான இந்த விடயத்தைப் பற்றி எமது சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது' என நண்பர்கள் கேட்கக்கூடும். காலனியம் பற்றிய ஐரோப்பியனின் நினைவு பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் மட்டும் வாழ்வதில்லை என்பதே எனது பதில். அவனது வீட்டின் பின்னறையிலும், கண்ணாடி அலுமாரியிலும் அது மிக ஆறுதலாகக் குடியிருக்கிறது.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வோர்ஸ்' என்ற நூலில் இவ்விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். உண்மையான போரை விட இது எவ்வளவோ மேல் என்பது அவரது வாதம். அடுத்த ஆண்டே உண்மையான போர் வந்து சேர்ந்தது. வெல்ஸின் மேசையில் இரு தரப்பும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்ட சமமான எதிரிகள். ஆனால் 1960களில் இவ்விளையாட்டு பரவி, 'ஸூலு' (1964), 'கார்ட்டூம்' (1966) போன்ற திரைப்படங்களின் துணையோடு காலனியப் போர்கள் ஒரு தனிப் பிரிவாக வளர்ந்தபோது அந்தச் சமத்துவம் காணாமற் போயிற்று. சூடான் யுத்தத்துக்கான 'சயன்ஸ் வேர்சஸ் பிளக்' என்ற விதிநூலில் விளையாடுவோர் அனைவரும் பிரித்தானிய அதிகாரிகள். மஹ்தியின் படைகளை நடுவர் இயக்குவார். அதாவது, சூடானியனின் இடத்தில் உட்கார்ந்து சிந்திப்பதற்கு மேசையைச் சுற்றியிருக்கும் போட்டியாளர் எவரும் இல்லை. அவன் புழுதிப்புயல் போல எங்கிருந்தோ வருகிறான், சாகிறான். விளையாட்டு என்ற வகையில் இது மிகுந்த சுவாரசியமானது என்பதை மறுக்க முடியாது. பிரச்சினையே அதுதான்.

இத்துறையில் நெடுங்காலம் ஊறியவர்கள் ஒரு கட்டத்தில் செங்கோட்டுச் சிப்பாய்களில் சலித்துப் போய் 'அபூர்வமான' படைகளைத் தேடத் தொடங்குகிறார்கள். 1885இல் சுவாக்கின் துறைமுகத்தில் வந்திறங்கிய நியூ சவுத் வேல்ஸ் படையினர், அபூ கிளியா சமரில் இடைநடுவில் இயங்க மறுத்த கார்ட்னர் இயந்திரத் துப்பாக்கியோடு நின்ற கடற்படையினர், 1890களில் பிரெஞ்சுக்காரரை எதிர்த்து நின்ற தகோமேயின் பெண் படையணி... இப்படி நீளும் தேர்வு. பக்கத்து மேசைக்காரனிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்ற சேகரிப்பாளனின் ஆசை இதில் நிச்சயம் உண்டு. தகோமேயின் பெண்கள் அலுமாரியின் முதல் வரிசைக்கு வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவை பற்றிப் பெண்ணிலைவாதிகள் எழுதினால் நல்லது.

ஆயினும் இந்த 'அபூர்வ' வேட்டை சில வேளைகளில், அறியாமலே, வரலாற்றின் மூடிய கதவொன்றைத் தட்டிவிடுகிறது. மெக்சிகோவில் போரிட்ட சூடானியர்களை எடுத்துக்கொள்வோம். 1860களில் மூன்றாம் நெப்போலியன் மெக்சிகோவில் தனக்குக் கட்டுப்பட்ட ஒரு பேரரசை நிறுவப் படை அனுப்பினான். வெராகுரூஸ் கரையோரத்தில் அவனது சிப்பாய்களை மஞ்சட் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. கறுப்பர்களை அந்நோய் தீண்டாது என்று நம்பிய அவன், எகிப்தின் ஆட்சியாளர் சயீத் பாஷாவிடம் ஆட்களைக் கேட்டான். 1863 ஜனவரியில் 447 பேர் அலெக்சாந்திரியாவில் கப்பலேற்றப்பட்டனர். இவர்களிற் பெரும்பாலோர் மேல் நைலிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பிடிக்கப்பட்டு அடிமைகளாகப் படையிற் சேர்க்கப்பட்டவர்கள். 1848இல் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்த பிரான்ஸ், பதினைந்து ஆண்டுகளின் பின் இன்னொருவனின் அடிமைகளைப் படைவீரர்களாக இரவல் வாங்கியது! நான்கு ஆண்டுகள் அந்த நோய்க்கரையையும் புகையிரதப் பாதையையும் அவர்கள் காத்தார்கள். 1867இல் எஞ்சியோர் பாரிஸ் வழியாகத் திரும்பியபோது பேரரசன் அவர்களின் அணிவகுப்பைப் பார்வையிட்டுப் பதக்கம் வழங்கினான்.

அவர்களில் ஒருவர் அலி ஜிஃபூன். ஷில்லுக் இனத்தவர். சிறைப்பிடிக்கப்பட்டுச் சிப்பாயாக்கப்பட்டு, மெக்சிகோ சென்று திரும்பி, முதுமையில் பிரித்தானியரின் கீழிருந்த எகிப்தியப் படையில் மஹ்தியவாதிகளுக்கு எதிராக நின்றவர். அவர் சொல்லக் கேட்டு ஒரு பிரித்தானிய அதிகாரி எழுதிய நினைவுக்குறிப்புகள் 1896இல் 'கோர்ன்ஹில்' சஞ்சிகையில் வெளிவந்தன. எசமானின் பேனாவினூடாகத்தான் அக்குரல் எம்மை எட்டுகிறது என்றாலும், குரல் இருக்கிறது. இந்த மனிதரைப் பற்றி மேசைப் போர் விளையாடும் ஒரு சேகரிப்பாளனுக்குத் தெரிந்திருக்கும் வாய்ப்பு, காலனியம் பற்றி நாள்தோறும் எழுதுகிற எம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும் வாய்ப்பை விட அதிகம். இது எமக்குப் பெருமை தரும் விடயமல்ல.

இனி 'அபூர்வம்' என்ற சொல்லுக்கே வருவோம். யாருக்கு அபூர்வம்? 1898 செப்டெம்பர் 2ந் திகதி ஒம்துர்மானில் 21வது ஈட்டிக் குதிரைப்படை நடத்திய பாய்ச்சல் மிகப் பிரசித்தம். சேர்ச்சில் அதில் இருந்தார், பின்னர் எழுதினார். எல்லாச் சேகரிப்பாளனும் அந்தக் குதிரைகளை வாங்குகிறான். ஆனால் அன்று நிலைமை உண்மையில் ஆபத்தானபோது இரு திசைகளிலிருந்து வந்த தாக்குதலைத் தாங்கி நின்றது மக்டொனால்டின் பிரிகேட். அதன் நான்கு பட்டாலியன்களில் மூன்று சூடானியருடையவை. அவர்களுக்கு எதிரில் வந்த ஜிஹாதிய்யாத் துவக்குக்காரர்களிலும் பலர் அதே தென்பகுதிக் கிராமங்களிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். எந்தப் பக்கம் பிடித்ததோ அந்தப் பக்கத்துக் கொடி. சுமார் பத்தாயிரம் பேர் செத்த அந்த மேசையில் விலகி நின்ற அபூர்வம் வெள்ளைக் குதிரைவீரன்தான். ஒரே வார்ப்பு முகத்தை இரு தரப்புக்கும் நிறந்தீட்டி வைத்தால் அதுவே வரலாற்றுக்கு நெருக்கமான சேகரிப்பாக இருக்கும். ஆனால் அலுமாரியில் இரு தரப்பும் வேறுவேறாகத் தெரிய வேண்டும் என்பது சேகரிப்பாளனின் அழகியல்.

இதில் எமக்கும் ஒரு பங்குண்டு. 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவாவில் விலைக்கு வாங்கப்பட்ட ஆபிரிக்கர்களைக் கொண்டு பிரித்தானியர் இலங்கையில் படையணி அமைத்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் புத்தளம் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். எதிர்த்திசையிலும் இது நடந்தது. 1885 மார்ச் 22ந் திகதி சுவாக்கினுக்கு அருகே தொஃப்ரெக்கில், ஒஸ்மான் திக்னாவின் பேஜாப் போராளிகள் முட்புதருக்குள்ளிருந்து பாய்ந்தபோது, வேலி அமைப்பதற்காக வெளியே முள்வெட்டிக்கொண்டிருந்தவர்களில் மதராஸ் சப்பர்ஸ் படையினர் இருந்தனர். தமிழ்நாட்டுப் பறையர்களும் கிறிஸ்தவர்களும் பெருமளவில் சேர்ந்த படை அது. இன்றைக்கும் அப்படைக்குச் செல்லப்பெயர் 'தம்பிகள்'. அச்சமருக்காக பார்க்ஷயர் ரெஜிமெண்டுக்கு 'ரோயல்' என்ற பட்டம் கிடைத்தது. அதே காலத்தில் மதராஸ் படையின் தளபதியாயிருந்த ரொபேர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு உதவாதவர்கள் என்ற முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். பின்னாளில் 'போர்க்குடிகள்' என்ற கோட்பாடாக இந்தியப் படையை மாற்றியமைத்தது அந்த முடிவு. இன்றும் பல விதிநூல்களில் கூர்க்காவுக்கும் சீக்கியனுக்கும் பகடையில் மேலதிகப் புள்ளி உண்டு. ரொபேர்ட்ஸின் இனவாதம் பகடைக்குள் பத்திரமாக இருக்கிறது.

காலனியப் போரை விளையாடுவதே பாவம் என்ற நிலைப்பாடு எனக்கில்லை. சதுரங்கத்தில் நாமும் காலாளை வெட்டுக்கொடுப்பவர்கள்தான். நான் கேட்பது தேர்வு பற்றி. அபூர்வப் படையைத் தேடுபவன் தொப்பியின் நிறத்தையும் பொத்தானின் எண்ணிக்கையையும் இத்தனை அக்கறையோடு ஆராய்கிறான். அந்தத் தொப்பிக்குக் கீழே நிற்பவன் எந்தச் சந்தையில் விலைபோனவன், எந்தச் சேரியிலிருந்து கூலிக்கு வந்தவன் என்பதை அதே அக்கறையோடு ஏன் ஆராயக்கூடாது?

தொஃப்ரெக் சமரை மேசையில் அமைப்பவர்கள் பேஜாக்களையும் பார்க்ஷயர் வீரர்களையும் அச்சொட்டாக வைக்கிறார்கள். அந்தப் போருக்கென வார்க்கப்பட்ட உருவங்கள் துவக்கைக் குறிவைத்தபடியோ ஈட்டியை ஓங்கியபடியோ நிற்கின்றன. குனிந்து முள்வெட்டும் தம்பி ஒருவனை இதுவரை நான் எந்தக் கடை அலுமாரியிலும் காணவில்லை.