உரிமம் கேட்காத இசை

1970களின் தொடக்கத்தில் பிராக் நகரில் ஒரு கலை வரலாற்று ஆய்வாளர் ஆண்டி வார்ஹால் பற்றிச் சொற்பொழிவாற்றப்போவதாகச் சொல்லி மண்டபம் பிடிப்பார். ஓவியர், சிற்பிகளுக்கான அரசுச் சங்கத்தில் அவர் உறுப்பினர் என்பதால் மண்டபம் எளிதில் கிடைத்துவிடும். சில நிமிடங்கள் பேசுவார், சில ஸ்லைடுகளைத் திரையில் காட்டுவார். பிறகு, வார்ஹால் வளர்த்துவிட்ட வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற நியூயார்க் குழுவின் பாட்டு எப்படியிருக்கும் என்பதற்கு ‘எடுத்துக்காட்டாக’, மேடையில் தயாராக நிற்கும் உள்ளூர்க் குழு ஒன்று வாசிக்கத் தொடங்கும். எடுத்துக்காட்டு மணிக்கணக்கில் நீளும். சொற்பொழிவாளர் இவான் யிரௌஸ். நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘மாகோர்’, பைத்தியக்காரன். வாசித்தவர்கள் ‘ப்ளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்’ குழுவினர். கம்யூனிஸ்ட் ஆட்சிகளில் ராக் இசை என்ன செய்தது என்ற கேள்விக்கு இந்தச் சொற்பொழிவில் பாதி விடை இருக்கிறது. அரசை ஏசி ஒரு சொல்கூட அங்கே பாடப்படவில்லை. ஆனால் அரசு கொடுக்காத ஒன்றை அரசின் மண்டபத்திலேயே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இத்துறையில் எழுதப்பட்டவற்றைப் படிப்பவர் முதலில் சந்திப்பது ஒரு வெற்றிக் கதையை. 1990இல் வெளிவந்த டிமதி ரைபேக்கின் ‘ராக் அரவுண்ட் தி ப்ளாக்’, 1994இல் சப்ரினா ராமெட் தொகுத்த ‘ராக்கிங் தி ஸ்டேட்’ ஆகிய நூல்கள் அடிப்படையான தகவல்களைத் திரட்டித் தந்தவை. அந்த உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பெர்லின் சுவர் விழுந்த சூட்டில் எழுதப்பட்டதாலோ என்னவோ, அந்தக் காலத்து எழுத்துகளில் ஒரு சாய்வு உண்டு: ஒரு பக்கம் கிட்டார், மறுபக்கம் டாங்கி, கடைசியில் கிட்டார் ஜெயித்தது. பத்திரிகைகள் இதை இன்னும் சுருக்கி, செக் நாட்டின் ‘வெல்வெட் புரட்சி’க்கு வெல்வெட் அண்டர்கிரவுண்டின் பெயரிலிருந்தே பெயர் வந்தது என்றுகூட எழுதின. கேட்க இனிமையான கதை, அவ்வளவுதான். என் வாதம் வேறு. இந்த இசை எதிர்ப்பாக ஆனதற்குக் காரணம் அதன் பாடல் வரிகள் அல்ல, அதை வாசித்தவர்களின் நோக்கமும் அல்ல. எல்லாவற்றுக்கும் உரிமம் கேட்ட ஓர் ஆட்சியில், உரிமம் இல்லாமல் ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டதே காரணம். ஆகவே ‘எதை எதிர்த்துப் பாடினார்கள்’ என்று கேட்பதைவிட ‘யாரைக் கேட்காமல் பாடினார்கள்’ என்று கேட்பது பலன் தரும்.

உரிமம் என்பதை இங்கே உருவகமாகச் சொல்லவில்லை. 1968 ஆகஸ்டில் வார்சா ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. சில வாரங்களில், பதினேழு வயது மிலன் ஹ்லாவ்சா இந்தக் குழுவைத் தொடங்கினார். பெயர் ஃப்ராங்க் ஸப்பாவின் ஒரு பாட்டிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு குஸ்தாவ் ஹூசாக் கட்சித் தலைமைக்கு வந்து, ‘இயல்புநிலையாக்கம்’ என்று பெயரிட்டு எல்லாத் துறைகளையும் சலித்தெடுத்தார். காசு வாங்கி வாசிக்கும் இசைக் கலைஞர் ஒவ்வொருவரும் தேர்வுக் குழுவின் முன் வாசித்துக் காட்டித் தகுதிச் சான்று பெற வேண்டும். தோற்றம், தலைமுடி, பாடல் பட்டியல் எல்லாம் கணக்கில் வரும். 1970இல் ப்ளாஸ்டிக் பீப்பிளுக்குச் சான்று போயிற்று. அதோடு அரசு கொடுத்திருந்த கருவிகள், ஒத்திகைக்கான இடம், கூலி வாங்கும் உரிமை எல்லாமே போயின. மெக்கானிக் வேலை தெரிந்த யோசெஃப் யானீச்செக் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர் கட்டினார். வேலையில்லாமல் இருப்பதே அந்த நாட்டில் ‘ஒட்டுண்ணித்தனம்’ என்ற குற்றம் என்பதால், இத்தகையவர்கள் காவலாளி, கொதிகலன் தொழிலாளி போன்ற வேலைகளில் ஒதுங்கினார்கள். முதலில் ஆங்கிலத்தில் பாடிய குழு, கனடாக்காரரான பால் வில்சன் விலகிய பிறகு செக் மொழிக்கு மாறியது. எகோன் போண்டி என்ற கவிஞரின் வரிகளை எடுத்துக்கொண்டது.

அந்த வரிகளில் புரட்சியைத் தேடுபவர் ஏமாந்துபோவார். மலச்சிக்கல் பற்றி ஒரு பாட்டு உண்டு. குடி, சலிப்பு, வயது என்று போகும் பாடல்கள் உண்டு. அரசு ஓயாமல் உச்சரித்த ‘சமாதானம்’ என்ற சொல்லைக் கேலி செய்வது போன்ற ஓரிரு சீண்டல்கள் உண்டு, அவ்வளவே. ஆட்சியாளர்கள் எதற்கெல்லாம் அஞ்சுகிறார்கள் என்று வரிசையாக அடுக்கும் ‘நூறு புள்ளிகள்’ போன்ற நேரடி அரசியல் பாடல், 1976இல் இவர்கள்மீது நடந்த வழக்குக்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசை முக்கியமானது. எதிர்ப்புப் பாடலால் அடக்குமுறை வரவில்லை, அடக்குமுறையால் எதிர்ப்புப் பாடல் வந்தது.

அடக்குமுறை படிப்படியாக வந்ததையும் பார்க்க வேண்டும். 1974 மார்ச் 30 அன்று செஸ்கே புடேயோவிட்சே நகருக்கு அருகே ருடால்ஃபோவ் என்ற சிற்றூரில் கச்சேரி என்று செய்தி பரவியது. போஸ்டர் கிடையாது, எல்லாம் வாய்வழிச் செய்திதான். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ரயிலேறி வந்தார்கள். ப்ளாஸ்டிக் பீப்பிள் மேடையேறும் முன்பே போலீஸ் நாய்களோடு வந்து கூட்டத்தை ரயில் நிலையத்துக்கு விரட்டி, சுரங்கப்பாதையில் வைத்துத் தடியால் அடித்தது. பலர் படிப்பிலிருந்து நீக்கப்பட்டனர். ரசிகர்கள் இதைப் ‘புடேயோவிட்சே படுகொலை’ என்றார்கள். யாரும் சாகவில்லை என்றாலும் அந்தப் பெயர் நிலைத்தது. யிரௌஸ் இதிலிருந்து கற்ற பாடம் வேறு. அரசின் பண்பாட்டைச் சீர்திருத்த முயலாமல், அதன் பரிசும் விமர்சனமும் வேண்டாம் என்று ஒதுங்கி, பக்கத்திலேயே ‘இரண்டாம் பண்பாடு’ ஒன்றை வளர்க்க வேண்டும் என்று 1975 பிப்ரவரியில் ஓர் அறிக்கை எழுதினார். அதை அவர் சந்தோஷமான சேரி என்ற பொருளிலும் பேசினார்: வெளியே தள்ளப்பட்டவர்களின் இடம், ஆனால் உள்ளே கும்மாளம். திருமணம் என்றால் கூட்டம் கூடலாம் என்பதால் திருமணங்களே கச்சேரிகளாயின. 1976 பிப்ரவரி 21 அன்று போயனோவிட்சே கிராமத்தில் நடந்த ‘இரண்டாம் பண்பாட்டின்’ இரண்டாவது விழா, யிரௌஸின் சொந்தத் திருமணக் கொண்டாட்டம்.

அடுத்த மாதமே சுமார் இருபது பேர் கைதானார்கள். செப்டம்பரில் பிராகில் நடந்த விசாரணையில் நால்வர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்: யிரௌஸ், ப்ளாஸ்டிக் பீப்பிளின் சாக்ஸஃபோன் கலைஞர் வ்ரடிஸ்லாவ் ப்ராபெனெட்ஸ், டிஜி 307 குழுவின் பாவெல் ஸாயீச்செக், பாட்டெழுதிப் பாடிய புராட்டஸ்டன்ட் பாதிரியார் ஸ்வடோப்ளுக் காராசெக். குற்றம் தேசத் துரோகம் அல்ல. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் காலித்தனம். யிரௌஸுக்கு 18 மாதம், ஸாயீச்செக்குக்கு 12 மாதம், மற்ற இருவருக்கும் தலா 8 மாதம் சிறை. ஆட்சி இந்தக் குற்றப் பிரிவைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருந்தது. அரசியல் குற்றம் என்றால் வெளிநாட்டில் சத்தம் எழும். கெட்ட வார்த்தை பேசும் முடி வளர்த்த குடிகாரர்கள் என்றால் சொந்த நாட்டு மக்களே தலையாட்டிவிடுவார்கள். தொலைக்காட்சியில் புகழ்பெற்ற போலீஸ் தொடர் ‘மேஜர் ஸெமானின் 30 வழக்குகள்’ கூட ஓர் அத்தியாயத்தில் ராக் குழுவினரை விமானக் கடத்தல்காரர்களாகக் காட்டியது.

கணக்கு தப்பியது நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலால். அந்த ஆண்டுதான் அவர் யிரௌஸைச் சந்தித்திருந்தார். நீதிமன்றத்துக்கு வந்தவர் ‘விசாரணை’ என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன்பே அவரும் தத்துவ அறிஞர் யான் பட்டோச்காவும் கவிஞர் யாரோஸ்லாவ் சைஃபர்ட்டும் வேறு சிலரும் ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் ப்யோலுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஹாவெல் கண்டது இது: அதிகாரப் போட்டியில் தோற்ற அரசியல்வாதிகளைச் சிறையிலடைப்பதை ஊர் ‘அவர்கள் விவகாரம்’ என்று கடந்துவிடும். எந்தப் பதவியும் கேட்காத இளைஞர்களைத் தாங்கள் விரும்பியபடி வாழ்ந்ததற்காக அடைப்பது, யாரையும் எப்போதும் அடைக்கலாம் என்று அறிவிப்பதாகும். இந்த வழக்கு திரட்டிய மனிதர்களிடமிருந்தே 1977 ஜனவரியில், மனித உரிமைகளை மதிக்கும்படி அரசைக் கேட்ட ‘சாசனம் 77’ பிறந்தது. முதலில் கையெழுத்திட்டோர் 240க்கும் மேல். மார்ச்சில், தொடர் விசாரணைகளுக்குப் பின் பட்டோச்கா இறந்தார். 1978இல் அவர் நினைவுக்குக் காணிக்கையாக ஹாவெல் எழுதிய ‘அதிகாரமற்றோரின் அதிகாரம்’ கட்டுரையிலும் இந்த இசைக் குழுவின் வழக்கு இடம்பெறுகிறது.

இங்கேதான் வலுவான முதல் ஆட்சேபம் எழுகிறது. அப்படியானால் எதிர்ப்பு அறிவுஜீவிகளுடையதுதானே, இசைக் குழு அவர்களுக்குக் கிடைத்த சாக்குதானே? ஜொனாதன் போல்டன் 2012இல் எழுதிய ‘வேர்ல்ட்ஸ் ஆஃப் டிஸென்ட்’, வழக்கிலிருந்து சாசனத்துக்கு நேர்கோடு போடும் கதையைக் கேள்விக்கு உட்படுத்தி, நிலத்தடி இசையுலகத்துக்குத் தனக்கென்று கதைகளும் தொன்மங்களும் இருந்ததைக் காட்டுகிறது. அந்த எச்சரிக்கை தேவையானதுதான். ஹ்லாவ்சா கடைசிவரை தங்களை அரசியல் குழுவாகக் கருதவில்லை. ஆனாலும் இந்த ஆட்சேபம் என் வாதத்தைத் தகர்க்கவில்லை, தள்ளி நிறுத்துகிறது. ஹாவெல் அந்த இளைஞர்களுக்கு அரசியலைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவர்களிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டார். மனு எழுதி அரசோடு வாதாடுவது என்ற பழைய வழியைத் தாண்டி, அரசைப் பொருட்படுத்தாமல் வாழ்வது என்ற வழி ஒன்று இருப்பதை அவர் கண்டது அங்கே. 1978இல் அவருடைய கிராமத்து வீட்டில் ப்ளாஸ்டிக் பீப்பிள் ‘பாடுகளின் நாடக’த்தை ஒலிப்பதிவு செய்தார்கள், கிறிஸ்துவின் பாடுகளை ராக் இசையில் சொல்லும் தொகுப்பு அது.

எண்ணிக்கை பற்றிய ஆட்சேபம் இன்னும் எளிமையானது, இன்னும் கடுமையானதும்கூட. மக்கள் கேட்டது மெல்லிசைப் பாடகர் கரேல் காட்டை. சாசனம் வெளியான சில வாரங்களில், ஜனவரி 28 அன்று, தேசிய நாடக அரங்கில் கலைஞர்களைக் கூட்டிச் சாசனத்துக்கு எதிரான அறிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். பிப்ரவரியில் மெல்லிசைப் பாடகர்களின் முறை வந்தது; காட்டும் அங்கே பேசினார். அவர் பாட்டை நாடே முணுமுணுத்தது. ப்ளாஸ்டிக் பீப்பிளைக் கேட்டவர்கள் நாடா பிரதி எடுத்துக் கொடுத்த சில ஆயிரம் பேர் இருக்கலாம். இதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் இவ்வளவு சிறிய கூட்டத்துக்காக ரகசியப் போலீஸ் ஏன் அவ்வளவு பாடுபட்டது? ‘அசானாட்சே’ என்ற பெயரில் ஒரு நடவடிக்கையே நடத்தி, சாசனக்காரர்களையும் இசைக்காரர்களையும் மிரட்டி நாட்டை விட்டு வெளியேற்றியது. 1980இல் காராசெக் சுவிட்சர்லாந்துக்கும் ஸாயீச்செக் ஸ்வீடனுக்கும், 1982இல் ப்ராபெனெட்ஸ் கனடாவுக்கும் போனார்கள். கூட்டத்தின் அளவை அளந்து வந்த அச்சமல்ல இது. அனுமதி கேட்காமலும் ஒரு வட்டம் இயங்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாகிவிடுமே என்ற அச்சம்.

மூன்றாவது ஆட்சேபம் உறுத்துவது. போண்டியே ரகசியப் போலீஸுக்குத் தகவல் சொன்னவர் என்று ஆவணங்கள் பிற்பாடு காட்டின. கிழக்கு ஜெர்மனியிலும் இதே கதைதான். கவிஞராகவும் பங்க் குழுப் பாடகராகவும் இருந்த சாஷா ஆண்டர்சன் அந்நாட்டு ரகசியப் போலீஸான ஸ்டாசியின் ஆள் என்பது 1991இல் வெளிப்பட்டது. தூய்மையான எதிர்ப்பு வீரர்களைத் தேடுபவருக்கு இது பேரிடி. ஆனால் உரிமத்தை மையமாக வைத்துப் பார்த்தால் இது வேறு மாதிரி தெரிகிறது. அரசு வெளியே நின்று எட்டிப் பார்த்த உலகம் அல்ல அது, அரசு உள்ளேயே ஊறியிருந்த உலகம். அதன் வரிகளை எழுதியவரே அதைக் காட்டிக்கொடுத்தவரும் என்றாலும், அந்தப் பாடல்களைக் கேட்க வயல்வெளியில் நடந்து போனவர்களின் நடை பொய்யாகிவிடாது. போண்டியை மன்னிக்க இதைச் சொல்லவில்லை.

லெனின்கிராட் இதற்கு நேரெதிர்க் கோடியில் நிற்கிறது. அங்கே 1981இல் ரூபின்ஸ்டைன் தெரு 13ஆம் எண்ணில் ராக் கிளப் தொடங்கப்பட்டது, கேஜிபியின் அறிதலோடு. பாடல் வரிகளுக்கு முன்கூட்டியே முத்திரை வாங்க வேண்டும். அக்வாரியும், கினோ குழுக்கள் அங்கேதான் வளர்ந்தன. உரிமம் உள்ள இசை. ஆகவே எதிர்ப்பு இல்லை என்று என் அளவுகோல் சொல்லிவிட வேண்டுமே? மானுடவியலாளர் அலெக்ஸி யுர்ச்சாக் தம் நூலில், அந்தத் தலைமுறை கட்சிக்காரர்களையும் அதிருப்தியாளர்களையும் ஒருங்கே சலிப்போடு பார்த்தது, அமைப்புக்குள் இருந்துகொண்டே அதன் அர்த்தங்களுக்கு வெளியே வாழ்ந்தது என்கிறார். எனக்கு இது பாதி சரி. 1980 திபிலிசி ராக் விழாவுக்குப் பிறகு அக்வாரியுமின் போரிஸ் கிரெபென்ஷிகோவ் வேலையை இழந்தார். அந்த இழப்பு ‘வெளியே வாழ்வது’ என்பதற்கு ஒரு விலை இருந்ததைக் காட்டுகிறது. ஆனால் அந்திரேய் த்ரோபில்லோ இளம் முன்னோடிகளின் அரசு மாளிகையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்தக் குழுக்களின் தொகுப்புகளைப் பதிவு செய்தார். மாளிகை அரசுடையது, மின்சாரம் அரசுடையது, உள்ளே நடந்தது மட்டும் அரசைக் கேட்டு நடந்ததல்ல. பிராகின் வார்ஹால் சொற்பொழிவும் இதே ரகம். ஆக உரிமம் இருக்கிறதா இல்லையா என்பது ஒரே கோடு அல்ல. ஒரு கையில் முத்திரையை வாங்கிக்கொண்டு மறு கையால் முத்திரையைத் தாண்டுவதும் நடந்தது. லெனின்கிராடில் அது சறுக்கி விளையாடுவதாக இருந்தது. பிராகில் சிறைக் கதவில் முட்டுவதாக இருந்தது. யிரௌஸ் மொத்தம் எட்டரை ஆண்டுகள் உள்ளே கழித்தார்.

ஆட்சியைக் கவிழ்த்தது கிட்டார்தான் என்பவர்களுக்கு ஒரு கடைசித் தகவல். 1980களின் இறுதியில் பிராக் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். முழுப் பெயரைப் போடாமல், முதலெழுத்துகளை மட்டும் போட்டுக்கொண்டால் மேடையேறலாம் என்று பேச்சு வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப் பிறகு உரிமம் தேடி வந்தது. வாங்குவதா வேண்டாமா என்பதில் குழு இரண்டுபட்டு, 1988இல் கலைந்தது. ஹ்லாவ்சாவும் சிலரும் ‘நள்ளிரவு’ என்று பொருள்படும் வேறு பெயரில் புதுக் குழு தொடங்கினார்கள். 1989 நவம்பரில் ஆட்சி விழுந்தபோது, ப்ளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ் என்ற குழு இல்லை.