கிரியோல் ஒரே தலைமுறையில் முழுமை பெறுவதா? மட்டக்களப்புச் சான்றும் பிக்கர்டன் கொள்கையும்

டெரிக் பிக்கர்டன் 1981இல் வெளியிட்ட ‘ரூட்ஸ் ஆஃப் லாங்குவேஜ்’ நூல், கிரியோல் மொழிகளிடையே காணப்படும் இலக்கண ஒற்றுமைக்குக் குழந்தைகளின் உள்ளார்ந்த மொழித்திறனே காரணம் என்கிறது. குறைவளர்ச்சியுடைய பிட்ஜினைக் கேட்டு வளரும் முதல் தலைமுறையே முழுமையான மொழியைப் படைத்துவிடுகிறது என்பது அதன் சாரம். கிரியோலைச் ‘சிதைந்த மொழி’ என்று இகழும் பார்வைக்கு இக்கொள்கை தக்க மறுப்பாகும். எனினும், மொழி பிறந்த பின்னர் அதனைப் பேசும் சமூகம் ஆற்றும் பங்கை இது விளக்கவில்லை.

மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துகீசியக் கிரியோல் இக்குறையைப் புலப்படுத்துகிறது. இலங்கையில் போர்த்துகீசியர் ஆட்சி 1658இல் முடிந்த பின்னும், தமிழும் அறிந்த பறங்கியரிடையே இம்மொழி வழங்கிவந்தது. போர்த்துகீசியத்தில் வினை செயப்படுபொருளுக்கு முன் வரும். இதிலோ தமிழைப் போலத் தொடரிறுதியில் வரும். ‘பாரா’ என்ற முன்னிடைச்சொல் ‘ப’ எனக் குறுகி, பெயருக்குப் பின் நான்காம் வேற்றுமை உருபாக நிற்கிறது. ஆயினும் இறந்தகாலம் காட்டும் ‘ஜா’ வினைக்கு முன்னரே அமைகிறது. எனவே இதனைத் தமிழின் வெறும் நகல் எனவும் கொள்ள இயலாது. ஒரு தலைமுறைப் படைப்பன்று, பல அடுக்குகளாகப் படிந்த இலக்கணம் இது எனக் கருத இடமுண்டு.

இத்தகைய மொழிகளைத் தம் வரையறைக்கு வெளியே நிறுத்தினால் பிக்கர்டனின் கொள்கை தப்பலாம், வினா தப்பாது. தமிழாய்வுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தமிழ்–போர்த்துகீசியத் தொடர்பை ‘அலமாரி’, ‘சன்னல்’ போன்ற கடன்சொற்களால் மட்டும் அளந்தால், தமிழ் பெற்றது தெரியும், கொடுத்தது தெரியாது.