காஷ் பூக்களைத் தின்ற மாடுகள்

ஒரு படம் எப்படி உருவாகிறது என்று விளக்கும் கையேடுகள் ஏறக்குறைய ஒரே வரைபடத்தைத்தான் தருகின்றன. கதை, திரைக்கதை, முன்தயாரிப்பு, படப்பிடிப்பு, படத்தொகுப்பு, ஒலி, இசை, வெளியீடு. ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. மென்பொருள் திட்டங்களில் காலம் தள்ளுகிறவன் என்பதால் இந்த மாதிரி வரைபடம் எனக்கு நன்றாகப் பழக்கம். வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கு அது அழகாக இருக்கும். வேலை அப்படி நடப்பதில்லை. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் வரும் ரயில் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் இது விளங்கும்.

முதலில் நாவல். 1929இல் நூலாக வந்த விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் கதையில், அக்காவும் தம்பியும் ரயில் பாதையைத் தேடி ஓடி, வழிதவறி, எதையும் பார்க்காமல் வீடு திரும்புகிறார்கள். துர்கா ரயிலைப் பார்க்காமலே சாகிறாள். கிழவி இந்திர் அதற்கு வெகுமுன்பே போய்விடுகிறாள். ராய் இரண்டையும் மாற்றினார். கிழவியின் ஆயுளை நீட்டினார். பிள்ளைகள் ரயிலைப் பார்த்துவிட்டு வரும் வழியில், மூங்கில் தோப்பில் அவள் உட்கார்ந்தபடியே இறந்திருப்பதைக் காண வைத்தார். நாவலுக்குத் துரோகம் என்று இதைச் சொல்ல முடியாது. திரையில் துர்கா ஓடும்போது இடறி விழுகிறாள். தண்டவாளம் வரை போய்ச் சேருபவன் அப்பு மட்டுமே. நாவல் அவளுக்குக் கொடுக்க மறுத்ததைப் படமும் முழுதாகக் கொடுத்துவிடவில்லை.

வழக்கமான பொருளில் முழுமையான திரைக்கதை எதையும் ராய் எழுதவில்லை. காட்சிகளை மையும் தூரிகையுமாக வரைந்து வைத்திருந்தார். விளம்பர நிறுவனத்தில் வேலை, பக்கத்தில் புத்தகங்களுக்கு ஓவியம். இதே நாவலின் சிறுவர் சுருக்கத்துக்கு 1944இலேயே படம் வரைந்தவர் அவர். அதாவது காமிராவைத் தொடுவதற்கு எட்டு வருடம் முன்பே இந்தப் பிள்ளைகள் அவர் கைக்குப் பழகியிருந்தார்கள்.

படப்பிடிப்பு 1952 அக்டோபர் 27 அன்று தொடங்கியது. வெள்ளையாகப் பூத்த காஷ் புல்வெளி. நம் நாணலின் இனம். காமிராவுக்குப் பின்னால் சுப்ரதோ மித்ரா, இளைஞர், அதற்குமுன் திரைப்படக் காமிராவை இயக்கியதே இல்லை. சிறுவன் விறைப்பாக நடந்தான். ராய் அவன் பாதையில் சுள்ளிகளைப் போட்டார். புல்லுக்குள் ஆட்களை ஒளித்துவைத்து மாறிமாறி அவன் பெயரைக் கூப்பிடச் சொன்னார். அக்காவைத் தேடித் தயங்கி நடக்கிற பிள்ளை அப்படித்தான் கிடைத்தான். வேலைநாட்களில் அலுவலகம் இருந்ததால், மீதியை எடுக்க அடுத்த ஞாயிறுதான் வர முடிந்தது. அதற்குள் மாடுகள் பூக்களை மேய்ந்துவிட்டன. மறுபடி பூக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும்.

ரயிலும் ஒன்றல்ல. ஒரே ரயிலை வைத்துத் தேவையான துண்டுகள் எல்லாவற்றையும் எடுக்க முடியாமல், அந்தத் தடத்தில் வந்த மூன்று ரயில்களைப் பயன்படுத்தினார்கள். வெள்ளைப் பூவுக்கு மேல் கரும்புகை வேண்டும். அதற்காகக் குழுவில் ஒருவர் எஞ்சினில் ஏறிச் சரியான இடத்தில் நிலக்கரி போட வைத்தார். திரையில் நாம் பார்ப்பது ஒரே ரயில். அதை ஒன்றாக்கியது படத்தொகுப்பு மேசை.

நடுவில் பணம் தீர்ந்தது. ஆயுள் காப்புறுதி, புத்தகங்கள், இசைத்தட்டுகள், கடைசியில் மனைவி பிஜோயாவின் நகைகள். பிறகு நீண்ட இடைவெளி. பிறகு மேற்கு வங்க அரசின் நிதி. இந்த அடகுக் கதையைத்தான் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் நம் குறும்பட விழா மேடைகளில் ஊக்கமாகச் சொல்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நகையை அடகு வைத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். வேலை அத்தனை மாதம் நின்று மறுபடி தொடங்கியபோது படம் சிதறாமல் இருந்ததற்குக் காரணம் அந்த வரைபுத்தகம். அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. (நகை யாருடையது என்பதையும்.)

நம் படங்களில் காசு முதலில் போவது காமிரா வாடகைக்கும் ட்ரோனுக்கும். ஒலிக்கு மிஞ்சுவது கொஞ்சம். படத்தொகுப்பு ஒரு நண்பரின் வார இறுதி. தாயகத்தை நினைத்து அழும் அம்மா இருப்பாள். அவள் அழுகைக்கு அடியில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலும் இருக்கும். ஒரு முழுத் தலைமுறையின் வாழ்க்கை இப்படித்தான் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பதால் இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

‘பதேர் பாஞ்சாலி’யிலும் ஒரு அம்மா அழுகிறாள். ஊர் திரும்பிய ஹரிஹர், மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கிய சேலையை எடுத்து நீட்டுகிறான். சர்பஜயா உடைகிறாள். அவள் வாய் அலறுகிறது. நமக்குக் கேட்பது தார் ஷெனாய். கருணா பந்தோபாத்யாயின் நடிப்பு படப்பிடிப்பில் முடிந்துபோன ஒன்று. இசைக் கட்டம் அதன் குரலை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது. ரவிசங்கர் இந்தப் படத்துக்கான இசையை ஏறக்குறைய பதினொரு மணி நேரம் நீண்ட ஒரே அமர்வில் பதிவு செய்தார். அதிலும் படத்தில் பாதியளவைத்தான் பார்த்திருந்தார். போதாத இடங்களில் ஒளிப்பதிவாளர் மித்ராவே சிதார் வாசித்தார்.

அவசரம் படத்தில் தெரியாமலும் இல்லை. 1955 மே 3 அன்று நியூயோர்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரையிட வேண்டும் என்பதால், துலால் தத்தாவும் ராயும் இரவுபகலாக வெட்டி ஒட்டினார்கள். படத்தின் முதல் பகுதி எனக்கு இன்றும் தளர்வாகவே படுகிறது. சில காட்சிகள் தேவைக்கு மேல் நின்றுவிட்டுப் போகின்றன. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் அவை குறைந்திருக்கும்.

ரயில் காட்சியில் அந்தத் தளர்ச்சி கிடையாது. சண்டை போட்டுக்கொண்டு ஓடிவந்த இருவரும் தந்திக் கம்பத்தில் காது வைக்கிறார்கள்; ரீங்காரம். கரும்பு கடிக்கிறார்கள். தூரத்தில் புகை. ஓட்டம், இடறல், சக்கரங்களின் ஊடாகத் தெரியும் சிறுவன். பிறகு தோப்பு. பாட்டி தூங்குகிறாள் என்று நினைத்து துர்கா விளையாட்டாகத் தோளை அசைக்கிறாள், உடல் சாய்கிறது. அந்தக் கிழவியாக நடித்த சுனிபாலா தேவி, 1955 ஆகஸ்டில் கல்கத்தாவில் படம் வெளியாவதற்கு முன்பே காலமானார்.