அடைப்பா, வறட்சியா?: நின்றுபோன ரத்தத்தை வாசித்தல்

சீன மொழியில் 'ஜிங்' என்றொரு சொல். நெசவில் அது பாவு நூல். ஏட்டில் அது மூலநூல், காலத்துக்கும் நிலைத்து நிற்கும் பிரதி. உடம்பில் அது 'ச்சி' ஓடும் தடம். பெண்ணுடம்பில் மாதாமாதம் வரும் ரத்தமும் அதே சொல்தான். தமிழிலும் 'நூல்' இழையாகவும் புத்தகமாகவும் இருக்கிறது. ஆனால் ரத்தம் என்று வந்ததும் நாம் 'விலக்கு', 'தூரம்' என்று ஒதுங்கிக்கொண்டோம். சீன மருத்துவம் அதை ஒழுங்கு என்றது. (மருத்துவம்தான் சொன்னது. பெண்ணின் ரத்தம் மண்ணையும் நீரையும் தீட்டாக்கியதற்காக அவளைத் தள்ளும் ரத்தக்குள நரகம் ஒன்று சீன பௌத்தத்தில் உண்டு.)

இந்தச் சொல்லைக் காட்டி, 'பார்த்தீர்களா, மேற்கத்திய மருத்துவம் கருப்பையை எந்திரமாகப் பார்க்கிறது, சீனம் முழு உடலையும் கேட்கிறது' என்று ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் பரவசப்படுகிறார்கள். கேட்கிறது, சரி. என்னத்தைக் கேட்கிறது? 'ஹுவாங்டி நெய்ஜிங்' பெண்ணின் வாழ்வை ஏழேழு ஆண்டுகளாக எண்ணுகிறது. 14 வயதில் ரத்தம் வருகிறது, ஆகவே பிள்ளை பெறலாம். 49இல் வற்றுகிறது, இனி பிள்ளையில்லை. ரத்தமும் பிள்ளையும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. 1237இல் சென் ஜிமிங் தொகுத்த பெண் மருத்துவ நூலும் மாதவிடாயைச் சீராக்குவதில்தான் தொடங்குகிறது. பெண்ணுக்கு ரத்தமே தலைமை என்ற கருத்தாக்கம் சோங் காலத்தில் எப்படி வலுப்பெற்றது என்பதை சார்லட் ஃபர்த் 1999இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகவே காட்டியிருக்கிறார். இந்த மருத்துவம் கேட்கும் உடல், வாரிசு கேட்கப்படும் உடல்.

ஆனால் விஷயம் அத்தோடு முடிந்துவிடவில்லை. மிங் காலத்து மருத்துவர் ஜாங் ஜிங்யுவே, நின்றுபோன மாதவிடாயை இரண்டாகப் பிரித்தார். ரத்தம் வறண்டது ஒன்று, தடைபட்டது இன்னொன்று. வறண்டிருந்தால் ஊட்ட வேண்டும். தடைபட்டிருந்தால் திறக்க வேண்டும். ஆற்றில் தண்ணீரே இல்லாதபோது மதகைத் திறந்து என்ன பயன்? மருந்துச் சரக்கிலும் இது தெரியும். தாங்குய் வேர் முதலான நான்கு சரக்குக் கஷாயம் ரத்தத்தை ஊட்டும். அதிலேயே பீச் கொட்டைப் பருப்பும் குசும்பப்பூவும் சேர்த்தால் திறக்கும் மருந்தாகிவிடும்.

மூன்றாவதாக ஒரு வாசிப்பும் உண்டு. நின்ற ரத்தம் கருவாக இருக்கலாம். சிறுநீர்ச் சோதனை இல்லாத காலம். மருத்துவர் நாடி பார்ப்பார், கடைசியாக எப்போது வந்தது என்பதை அவளோ வீட்டாரோ சொன்னால்தான் உண்டு. 'அடைப்பு, திறந்துவிடுங்க' என்று ஒருத்தி கேட்டால், அவள் பிள்ளை வேண்டிக் கேட்கிறாளா, வேண்டாமென்று கேட்கிறாளா? ஒரே கஷாயம், ஒரே சொல், எதிரெதிரான இரண்டு நோக்கம். ஃபிரான்செஸ்கா பிரே 1997இல் இந்த மங்கலைத்தான் பிடித்துக்கொண்டார். துணைமனைவி பெற்ற பிள்ளைக்கும் சட்டப்படி மூத்தவளே தாய் என்றிருந்த சமூகத்தில், மேல்தட்டு மனைவி தன் உடம்பைக் காக்க இந்த மங்கலைப் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது என்பது அவர் வாசிப்பு. அதிகாரத்தின் சொல்லாடலுக்குள்ளேயே ஒரு பொந்து. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

மேத்யூ சோமர் 2010இல் சிங் காலத்து வழக்கு ஆவணங்களைப் புரட்டினார். கருக்கலைப்பு மருந்தைக் குடித்துச் செத்த பெண்கள் அந்த ஏடுகளில் இருக்கிறார்கள். அது அன்றாடக் குடும்பக்கட்டுப்பாடு அல்ல, மாட்டிக்கொண்டவள் உயிரைப் பணயம் வைத்த ஆபத்து என்கிறார் அவர். பொந்து எல்லோருக்கும் ஒரே அளவாக இல்லை. மேல்வீட்டுக்காரிக்குக் கதவாக இருந்தது விதவைக்குக் குழியாக இருந்தது. பிரேயை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு சோமரை விட்டுவிடுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கையில்லை.

இன்று நாம் 'பாரம்பரியம்' என்று கும்பிடுவதோ 1950களில் மாவோவின் அரசு பாடத்திட்டமாக்கிய ஒன்று. 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு ஆகிய நான்கு ஊர்களில் கல்லூரிகள் வந்தன. நோய்களும் பட்டியலாயின: சிறுநீரகக் குறைவு, ரத்தக் குறைவு, ச்சி தேக்கம், கபமும் ஈரமும். கரு இருக்கிறதா இல்லையா என்பதை இன்று ஒரு பட்டை சொல்லிவிடுகிறது. மங்கல் போயிற்று, பிள்ளை மட்டும் மிஞ்சியது.

சரி, பிள்ளை பிறக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்டாலே 'அது மேற்கின் பெருங்கதையாடல்' என்று வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். கேட்பது மேற்கு அல்ல. மாதவிடாய் வராமல், மாமியார் பேச்சைக் கேட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிற பெண். அவளுக்குத் தைராய்டு குறைவா, புரோலாக்டின் கூடுதலா, சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்ததா என்பது நாடியில் தெரியாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்து ஆண்டுக்கணக்கில் ரத்தம் வராமலிருந்தால் எலும்பும் தேயும். மூலிகைக் கஷாயங்களைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நல்ல சோதனைகள் இல்லை. ஊசிக்கு ஒன்று இருக்கிறது. சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறால் கருத்தரிக்காத 1,000 சீனப் பெண்களிடம் செய்தது, 2017இல் வெளிவந்தது. முறைப்படி குத்தியவர்களில் 21.8 சதவீதத்தினருக்கும், புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 22.4 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. வித்தியாசமில்லை. குளோமிஃபீன் மாத்திரை சாப்பிட்டவர்களில் 28.7 சதவீதம், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 15.4.

இந்தச் சோதனையை முன்நின்று நடத்தியது பாஸ்டனோ லண்டனோ இல்லை. ஹார்பினில் உள்ள ஹெய்லோங்ஜியாங் சீன மருத்துவப் பல்கலைக்கழகம்.