வரி போட்டவனும் கிட்டி போட்டவனும்

காலனி மக்கள் வரிக்கு எதிராகப் போராடினார்கள் என்றதும் பாஸ்டன் துறைமுகம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 1773 டிசம்பர் 16 அன்று அங்கே கடலில் கொட்டப்பட்ட 342 தேயிலைப் பெட்டிகளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. அதே கம்பெனிக்குப் பத்து வருஷம் முன்னால், 1763-ல், ஆற்காடு நவாப் இங்கே ஒரு ஜாகீர் கொடுத்திருந்தார். அதுதான் பிற்பாடு செங்கல்பட்டு ஜில்லா ஆனது. இன்று கார் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எல்லாம் அதற்குள் அடக்கம். நான் குடியிருப்பது இந்தப் பக்கம்தான். அதனால் பாஸ்டன்காரனைவிட நம்ம ஊர்க்காரன் என்ன செய்தான் என்பதைத் தேடிப் படிப்பதில் எனக்கு ருசி அதிகம்.

நம்ம குடியானவனுக்குக் கடலில் கொட்ட ஒன்றும் கிடையாது. தாங்க முடியாமல் போனால் ஊரைக் காலி செய்வான், இல்லையென்றால் மனு எழுதுவான். 1852-ல் காஜுலு லட்சுமிநரசு செட்டி சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கி, வரிச்சுமையைப் பற்றி லண்டன் பார்லிமென்டுக்கே மனு அனுப்பினார். எம்.பி. டேன்பி சீமூர் 1853-ல் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1854 ஜூலையில் இங்கே வரி வசூலிக்கச் சித்திரவதை நடக்கிறது என்று காமன்ஸ் சபையில் பேச்சு கிளம்பியது. அந்த செப்டம்பரிலேயே எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர் கொண்ட ஆணையத்தைச் சென்னை அரசாங்கம் போட்டது. 1855-ல் அறிக்கை வந்தது.

பொதுவாக இதைச் சங்கத்தின் வெற்றி என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அறிக்கையைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதன் நேர்மையைக் குறை சொல்ல மாட்டேன். 1,959 புகார்களை வாங்கியிருக்கிறார்கள். ஆணையத்திடம் சொல்வதற்காகவே வெகுதூரம் நடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். சித்திரவதை உண்மைதான் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெரிக்கிற கிட்டி, உடம்பை வளைத்துக் கட்டிப்போடுகிற அண்ணாந்தாள், வெயிலில் நிறுத்துவது, கண்ணில் மிளகாய். நம்ம பாஷையின் வார்த்தைகள் இங்கிலீஷ் அரசாங்க ஆவணத்தில் இந்த லட்சணத்திலா ஏற வேண்டும்!

ஆனால் குற்றவாளி யார் என்று வரும்போது கை தாசில்தாரையும் சேவகனையும் மட்டும் காட்டுகிறது. ஜனங்கள் கேட்பது சொந்த ஜாதிக்காரன், சொந்த ஊர்க்காரனின் கொடுமையிலிருந்து விடுதலை, வெள்ளைக்கார அதிகாரிகள் மீது அவர்களுக்கு வருத்தமில்லை என்கிற மாதிரி முடித்துவிடுகிறார்கள். அரசாங்கத்தைக் காப்பாற்றுகிற முடிவு இது என்று கார்ல் மார்க்ஸ் அப்போதே பிடித்துவிட்டார். 1857 செப்டம்பர் 17 நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் எழுதியிருக்கிறார்.

அதற்கு முந்தைய படிதான் என்னை உறுத்துகிறது. ஆணையத்திடம் கேட்கப்பட்ட கேள்வியே 'அடித்தார்களா?' என்பதுதான். 'எவ்வளவு கேட்டார்கள், விளைச்சலுக்கு அது நியாயமா?' என்பது அதன் வேலைக்குள் வரவில்லை. நடந்து வந்தவன் விரலைக் காட்டலாம், வரித்தொகையைக் காட்டி என்ன பிரயோஜனம்? 1852 மனு வரியைப் பற்றியும் பேசியது. மூன்றே வருஷத்தில் விஷயம் கிட்டியைப் பற்றியது மட்டுமாகச் சுருங்கிவிட்டது. இத்தனை ரூபாய் வந்தாக வேண்டும் என்று கலெக்டர் நெருக்குவார், தாசில்தார் சேவகனை நெருக்குவான், சேவகன் விரலை நெரிப்பான். அறிக்கை கடைசி ஆளைப் பிடித்துக்கொண்டது. (ஒரகடம் ஷிப்ட் பஸ்ஸில் காண்டிராக்ட் பையன்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சம்பளம் பிடித்தால் திட்டு முழுக்க ஏஜென்டுக்குத்தான். ஏஜென்டுக்கு ரேட் பேசியவன் யாரென்று ஒருத்தனும் கேட்பதில்லை.)

இதனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆணையத்தின் யோசனைப்படி 1859 சட்டத்தில் போலீஸ் தனி இலாகாவாகி, வரி வசூலிக்கிறவன் கையிலிருந்து லத்தி போனது. சின்ன விஷயமில்லை. ஆனால் 1864-லேயே வருவாய் வசூல் சட்டம் வந்தது. நிலுவை வைத்தால் சாமானை ஜப்தி செய்யலாம், நிலத்தை ஏலம் விடலாம், ஆளைப் பிடித்து உள்ளேகூட வைக்கலாம். திருத்தங்களோடு அதே சட்டம்தான் 'தமிழ்நாடு வருவாய் வசூல் சட்டம், 1864' என்ற பெயரில் இன்றைக்கும் ஸ்ரீபெரும்புதூர் தாலுகா வரை அமலில் இருக்கிறது.